மெட்ராசுக்கு எதுக்கு ஹீட்டரு

உட்கார நாற்காலி கிடைத்தால் யாராவது வேண்டாம் என்பார்களா? அன்புச்செல்வி வேண்டாம் என்றாள்.

ஈக்காட்டுத்தாங்கலில் சுப்புராயனின் கார் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் இடது பக்கம் ஒரு கண்ணாடித் தடுப்பு. அதற்குப் பின்னால் ஒரு மேசை, ஒரு போன், ஒரு சுழல் நாற்காலி. வருகிறவர்களிடம் சிரித்துப் பேசி, பில் போட்டு, வண்டி சாயங்காலம் ரெடியாகிவிடும் என்று கூசாமல் புளுகுவதற்கு அங்கே ஒரு பெண் வேண்டும் என்று சுப்புராயன் ஒரு வருஷமாகத் தேடிக்கொண்டிருந்தார். ஆட்டோமொபைல் டிப்ளமா முடித்த அன்புச்செல்வி மெக்கானிக் வேலை கேட்டு வந்து நின்றபோது அவர் சர்டிபிகேட்டைப் புரட்டவேயில்லை. அவளைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார், சரியாகப் பொருந்தும் என்று முடிவு கட்டிவிட்டார்.

அவள் விடவில்லை. சைதாப்பேட்டை ஆற்றங்கரையிலிருந்து ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்குத் தூக்கியடிக்கப்பட்ட குடும்பம் அவளுடையது. காலையில் இரண்டு பஸ் மாறி, நசுங்கிக் கசங்கி வந்து சேருகிறவளுக்கு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பது சுகமாகத்தான் இருக்கும். அந்தச் சுகம் அவளுக்கு வேண்டாம். பேனட்டைத் திறந்து உள்ளே தலையை விட்டால்தான் அவளுக்கு ஒழுங்காக மூச்சே வரும். கடைசியில் சுப்புராயன் இறங்கி வந்தார். காரில் சொருகினால் கோளாறை எண் போட்டுக் காட்டுகிற ஸ்கேனர் ஒன்று ஒர்க்‌ஷாப்பில் துணி போர்த்திக் கிடந்தது. அதைத் தொடத் தெரிந்தவர் யாரும் இல்லை. மூன்று மாதம் அதை வைத்து வேலை செய்து காட்டு, அப்புறம் பார்ப்போம் என்றார்.

சீனியர் மெக்கானிக் தணிகாசலத்துக்கு அந்த ஸ்கேனரைக் கண்டாலே ஆகாது. முப்பது வருஷமாக இன்ஜின் சத்தத்தைக் காதால் கேட்டே வைத்தியம் பார்க்கிற மனுஷன். அதற்கு அவர் வைத்த பேர் டிவி. அதனால் அன்புச்செல்வி டிவிப் பாப்பா ஆனாள். "இன்னா பாப்பா, டிவில இன்னா படம் ஓடிக்கினு கீது?" என்று தினமும் ஒரு தடவையாவது கேட்காவிட்டால் அவருக்கு டீ இறங்காது. கெட்ட மனுஷன் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது.

மூன்றாவது மாதம் நல்ல கத்திரி வெயிலில் அந்த வெள்ளை வண்டி வந்தது.

ஓட்டி வந்தவர் மயிலாப்பூர் வெங்கடரமணன். அரசாங்கத்தில் இன்ஜினியராக இருந்து ரிட்டயர் ஆனவர், இப்போது அவருடைய பிளாட்ஸ் அசோசியேஷனுக்குத் தலைவர். காரிலிருந்து இறங்கி ஷெட்டுக்குள் வருவதற்கு நான்கே எட்டு. அதற்கும் குடை விரித்தார். உலகத்தில் உள்ள சகல நோய்க்கும் காரணம் சூடு என்பது அவருடைய சித்தாந்தம். கண் எரிந்தால் சூடு, காலில் கொப்புளம் வந்தால் சூடு, கீழ்வீட்டுக்காரர் மெயின்டனன்ஸ் பணத்துக்குச் சண்டை பிடித்தால் அதுவும் சூடு. மனுஷனுக்கு வெந்தயமும் மோரும் என்றால், காருக்கு பேனட்டின் மேல் ஈரச் சாக்கு. அந்தச் சாக்கின் நார் இரண்டு வைப்பரில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தது.

டேஷ்போர்டில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிகிறது, பெட்ரோலும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிறது என்றார். எல்லாம் சூடுதான் என்று தன் தீர்ப்பையும் சேர்த்துச் சொன்னார். தணிகாசலம் இன்ஜினை உறுமவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, பிளக்கை மாற்று, பில்டரை மாற்று என்றார். அன்புச்செல்வி ஸ்கேனரைச் சொருகினாள். முன் பக்கத்து ஆக்ஸிஜன் சென்சாரின் ஹீட்டரில் கோளாறு என்று அது சொன்னது.

இந்த ஹீட்டர் என்ன சமாசாரம் என்று உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன். சைலன்சர் குழாய்க்குள் மூக்கை நீட்டிக்கொண்டு புகையை மோப்பம் பிடிக்கிற ஒரு சின்னச் சாமான் அந்தச் சென்சார். அது மோப்பம் பிடித்துச் சொல்வதை வைத்துத்தான் இன்ஜின் எவ்வளவு பெட்ரோல் குடிக்கலாம் என்று முடிவு செய்யும். ஆனால் அந்த மூக்கு நன்றாகச் சுட்டால்தான் வேலை செய்யும். வண்டி கிளம்பின உடனே அதைச் சுட வைப்பதற்காக உள்ளேயே ஒரு மெல்லிய கம்பி வைத்திருக்கிறார்கள். அந்தக் கம்பிதான் ஹீட்டர்.

ஸ்கேனர் சொன்னதை அவள் அப்படியே நம்பிவிடவில்லை. சென்சாரின் பிளக்கைக் கழற்றி, ஹீட்டருக்குரிய இரண்டு வெள்ளை ஒயர்களில் மீட்டரை வைத்தாள். ஏழெட்டு ஓம் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் ஒன்றுமே காட்டவில்லை. கம்பி உள்ளே அறுந்திருக்கிறது. வண்டியிலிருந்து வருகிற ஒயரில் பன்னிரண்டு வோல்ட் ஒழுங்காக வந்தது. ஆக ஒயரில் குற்றமில்லை, சென்சார்தான் போய்விட்டது. துருப்பிடித்து இறுகிக் கிடந்த அதை, தணிகாசலத்தின் நீள ஸ்பேனரை இரவல் வாங்கி, நெற்றி நரம்பு புடைக்கத் திருகிக் கழற்றினாள். புதுசைப் போட்டு, ஸ்கேனரில் பிழை எண்ணை அழித்து, அசோக் பில்லர் வரை ஓட்டிப் பார்த்தாள். விளக்கு வரவில்லை. ஒரு வேலையைச் சரியாகச் செய்து முடித்தவளுக்கு வருகிற அந்தக் குஷியோடு கை கழுவப் போனாள். திரும்பி வருகையில் வெங்கடரமணன் பில்லைக் கண்ணுக்குக் கிட்டே வைத்து ஏதோ கேட்பதும், தணிகாசலம் சிரித்துக்கொண்டே ஏதோ சொல்வதும் தெரிந்தது. என்னவோ பேசுகிறார்கள் என்று விட்டுவிட்டாள். விட்டிருக்கக் கூடாது.

ஐந்தாம் நாள் வெள்ளை வண்டி திரும்பி வந்தது. மஞ்சள் விளக்கு ஜம்மென்று எரிந்துகொண்டிருந்தது.

அன்புச்செல்வி கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். ஸ்கேனரைப் போட்டால், முன் சென்சார் ஹீட்டரில் கோளாறு, பின் சென்சார் ஹீட்டரிலும் கோளாறு என்று இந்தத் தடவை இரண்டு எண் வந்தது. சரி, அளந்து பார்ப்போம் என்று அளந்தால் எல்லாம் சுத்தமாக இருந்தது. புது சென்சார் ஏழு ஓம். பின்னால் இருக்கிற பழைய சென்சாரும் ஏழு ஓம். பிளக்கில் பன்னிரண்டு வோல்ட். ஒயரை ஆட்டினாள், இழுத்தாள், வளைத்தாள்; மீட்டர் அசையவில்லை. கோளாறு நடந்ததற்குப் பதிவு இருக்கிறது, கோளாறைத்தான் காணோம். மெக்கானிக்குகளைக் கேளுங்கள், ஓடாத வண்டியைக்கூடச் சமாளித்துவிடுவார்கள். ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் நல்லபிள்ளையாகிவிடுகிற வண்டிதான் அவர்கள் உயிரை எடுக்கும்.

இரண்டு சென்சாரும் ஒரே நாளில் சாக முடியாது, இரண்டுக்கும் பொதுவாக இருக்கிற ஏதோ ஒன்றுதான் காரணம் என்று அவளுக்குப் பட்டது. இரண்டுக்கும் கரண்ட் கொடுப்பது ஒரே ஃபியூஸ். பேனட்டுக்குள் இருந்த கறுப்புப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். சிவப்பு ஃபியூஸ் பத்திரமாக இருந்தது. உருவி வெளிச்சத்தில் பிடித்தாள், உள்ளே கம்பி அறுபடவில்லை. ஆனால் மற்ற ஃபியூஸ்களெல்லாம் எட்டு வருஷத் தூசியோடு மங்கிக் கிடக்க, இது மட்டும் துடைத்து வைத்தது போலப் பளபளத்தது. அதன் தலையில் வெள்ளையாக ஏதோ பொடி. மயிலாப்பூர்க்காரர், விபூதி இட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டாள். திரும்பச் சொருகி, பிழையை அழித்து, கிண்டி வரை ஓட்டினாள். விளக்கு வரவில்லை. வண்டியைக் கொடுத்து அனுப்பினாள்.

வெங்கடரமணன் தலை மறைந்ததும் சுப்புராயன் கூப்பிட்டார். சத்தம் போடவில்லை, போட்டிருந்தால் தேவலை. அந்த வண்டி மூன்றாவது தடவை இங்கே வந்தால் ஸ்கேனரைத் துணி போர்த்தி வைத்துவிட்டு அவள் கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் போய் உட்கார வேண்டும் என்று நயமாகச் சொன்னார். ஏசி உண்டு, கை அழுக்காகாது, அவளுக்கு நல்லதுக்குத்தான் சொல்கிறாராம். அன்றைக்கு பஸ்ஸில் அவளுக்கு அழுகை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு நன்றாகவே அழுதாள். தப்பு செய்துவிட்டு மாட்டிக்கொண்டால்கூட மனசு ஆறிவிடும். சரியாகச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டால் எங்கே போய் முட்டிக்கொள்வது?

மூன்றாம் நாள் காலை போன் வந்தது. அவள்தான் எடுத்தாள். மறுபடி விளக்கு எரிகிறது, நாளைக்கு வண்டியைக் கொண்டு வருகிறேன் என்றார் வெங்கடரமணன்.

போனை வைத்துவிட்டு அவள் அதையே வெறித்துக்கொண்டு நின்றாள். இந்த வண்டி மயிலாப்பூரில் நோயாளி, ஈக்காட்டுத்தாங்கலில் பயில்வான். வழியில் என்ன நடக்கிறது? அடையாற்றுப் பாலத்தின் காற்று பட்டு வியாதி தீர்ந்துவிடுகிறதா? அது இங்கே வந்தால் மறுபடி எல்லாம் ஏழு ஓம், பன்னிரண்டு வோல்ட் என்றுதான் காட்டும். நோயாளியை நோயாளியாகப் பார்க்க வேண்டுமானால் அது படுத்திருக்கிற வீட்டுக்கே போக வேண்டும். சுப்புராயனிடம் போய், வண்டி இங்கே மூன்றாவது தடவை வரக் கூடாது என்றுதானே சொன்னீர்கள், நான் அங்கே போகிறேன் என்றாள். கஸ்டமர் வீடு, வாயைக் கொடுத்துவிடாதே என்று மட்டும் சொல்லி, ஸ்கேனரையும் கொடுத்து அவர் அனுப்பினார்.

தெற்கு மாட வீதியை ஒட்டிய சந்தில் நான்கு மாடிக் கட்டடம். கீழே வேப்பமர நிழலில் வெள்ளை வண்டி ஈரச் சாக்கைப் போர்த்திக்கொண்டு சுகமாகத் தூங்கியது. முதல் மாடியில் கதவைத் திறந்தது வெங்கடரமணனின் மனைவி சுலோச்சனா மாமி. அவர் பார்க்குக்கு நடக்கப் போயிருக்கிறார், வருகிற நேரம்தான் என்றாள். வண்டி பார்க்க வந்திருக்கிறேன் என்றதும் மாமி இவளை மேலும் கீழும் பார்த்தாள். நீயேவா பார்க்கிறாய் என்று கேட்டாள். நானேதான் மாமி என்றாள் இவள். மாமி முகம் மலர்ந்து சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டாள்.

சாக்கை விலக்கி, பேனட்டைத் தூக்கி, கறுப்புப் பெட்டியின் மூடியைக் கழற்றினாள் அன்புச்செல்வி. சிவப்பு ஃபியூஸ் இருந்த இடத்தில் ஒன்றுமில்லை. பல் விழுந்த ஈறு மாதிரி இரண்டு ஓட்டை மட்டும் இருந்தது.

யாரோ பிடுங்கியிருக்கிறார்கள். எலி கடித்தால் ஒயரைக் கடிக்கும், ஃபியூஸை உருவிக்கொண்டு போய் மூடியைத் திரும்ப மாட்டிவிட்டுப் போகாது. மூடியின் உள்பக்கம் எந்த ஃபியூஸ் எதற்கு என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. அதில் ஓ-டூ எச்.டி.ஆர்., அதாவது ஆக்ஸிஜன் ஹீட்டர், என்ற வரியின் அடியில் பால்பாயின்ட் பேனாவால் நேராக ஒரு கோடு. ஸ்கேல் வைத்துப் போட்ட கோடு. இன்ஜினியர் போட்டது போல இருந்தது.

மேலே போனாள். மாமி ஒரு டம்ளர் மோரை நீட்டி, உட்காரச் சொன்னாள். பிறகு குரலைத் தாழ்த்தி, படித்த பெண்ணாக இருக்கிறாய், உன்னிடம் ஒன்று காட்டுகிறேன் என்று உள்ளே போய், ஞாயிறு முதல் சனி வரை ஏழு அறை வைத்த மாத்திரைப் பெட்டியைக் கொண்டு வந்தாள்.

"இவருக்கு பிரஷருக்கு வெள்ளை மாத்திரை ஒண்ணுதான். திடீர்னு ஞாயித்துக்கிழமை ரூம்ல இந்தச் செவப்பு மாத்திரை வந்து உக்காந்துண்டிருக்கு. முந்தாநாள் ராத்திரி தூக்கக் கலக்கத்துல இதை அவர் வாயிலயே போட்டிருப்பேன், கைல குத்தித்து. ரெண்டு கால் வெச்ச மாத்திரையை எந்த டாக்டர் தருவார்? மெடிக்கல் ஷாப்காரனும் திருதிருன்னு முழிக்கறான். இவரைக் கேட்டா, சூட்டுக்குங்கறார்."

அன்புச்செல்வி மோர் டம்ளரைக் கீழே வைத்தாள். சிவப்பு ஃபியூஸ், தலையில் பிரஷர் மாத்திரையின் வெள்ளைப் பொடியோடு, ஞாயிற்றுக்கிழமை அறையில் சமர்த்தாகப் படுத்திருந்தது. அவளுக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபம் வந்தது. அந்த நேரம் பார்த்து வெங்கடரமணன் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவளைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். அதன் பிறகு அவர் கூரையில் சுற்றுகிற ஃபேனைப் பார்க்கத் தொடங்கினார்.

பிடித்து உலுக்காமலே மெதுவாக எல்லாம் வெளியே வந்தது. முதல் தடவை பில்லில் ஹீட்டர் என்று படித்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டதாம். கத்திரி வெயிலில், காசு வாங்கிக்கொண்டு, தன் காருக்குள் புதுசாக ஒரு ஹீட்டரை மாட்டியிருக்கிறார்கள்! இது என்ன என்று தணிகாசலத்தைக் கேட்டதற்கு அவர், "மெட்ராசுக்கு எதுக்கு சார் ஹீட்டரு? அதான் மேல சூரியன் கீதே" என்று சிரித்தாராம். தமாஷுக்குச் சொன்ன அந்தப் பேச்சை இந்த மனுஷன் நிபுணர் தீர்ப்பாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்குப் போய் மூடியைப் படித்து, மாமியின் புருவம் பிடுங்குகிற சின்ன இடுக்கியால் ஃபியூஸைப் பிடுங்கி, தொலையாமல் இருக்க மாத்திரைப் பெட்டியில் வைத்துவிட்டார். விளக்கு எரிந்ததே, அப்போதாவது தோன்றவில்லையா என்று அன்புச்செல்வி கேட்டாள். அதற்கும் அவரிடம் விளக்கம் இருந்தது. ஏறின சூடு ஒரே நாளில் இறங்குமா, இறங்க நாள் பிடிக்கும் என்று காத்திருந்தாராம்.

"அப்புறம் ஏன் சார் ஒர்க்‌ஷாப்புக்கு வரும்போது திரும்ப மாட்டினீங்க?"

அவர் குடைக் கைப்பிடியை உருட்டிக்கொண்டே சொன்னார். "கை வெச்சது தெரிஞ்சா வாரண்டி கெடையாதுன்னுடுவேளே."

டாக்டரிடம் போகிறபோது வீட்டில் குழைத்துப் போட்ட மருந்துப் பற்றையெல்லாம் கழுவிவிட்டுப் போவது நம் ஊர் வழக்கம்தான். டாக்டருக்கே தலை சுற்றும் என்றால் இவள் எம்மாத்திரம்? கோபம் அவளுக்கு உச்சந்தலை வரை ஏறியது. ஆனால் இந்த மனுஷனிடம் கோபத்தைக் காட்டினால் அதையும் சூடு என்பார். அதனால் அவருடைய வழியிலேயே போனாள்.

"சார், மூக்கு அடைச்சா இன்னா பண்ணுவீங்க?"

"ஆவி பிடிப்பேன்."

"சூடா?"

"பின்னே, ஐஸ் வெச்சா பிடிப்பா?"

"இதுவும் அதான் சார். அந்த சென்சாரு உங்க வண்டியோட மூக்கு. தெனம் காலையில வண்டி எழுந்ததும் அதுக்கு ஆவி புடிச்சி உடறதுதான் அந்த ஹீட்டர் வேலை. நீங்க அதைப் புடுங்கிட்டீங்க. மூக்கடைப்போட ஓடுது. வாசனை தெரியாம பெட்ரோலை அள்ளி அள்ளிக் குடிக்குது."

வெங்கடரமணன் கண்ணை மூடி யோசித்தார். சூட்டுக்கு எதிராக அறுபத்தெட்டு வருஷம் போராடியவர், சூடே மருந்தாகிற இந்த ஒரு இடத்தில் தடுமாறிப் போனார். "ஆவி," என்று இரண்டு தடவை தனக்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு தாமே பெட்டியிலிருந்து ஃபியூஸை எடுத்து, வேஷ்டி நுனியால் துடைத்து, அவள் கையில் கொடுத்தார். கீழே போய் அவள் அதைச் சொருகினாள், பிழையை அழித்தாள், லஸ் முனை வரை மூன்று பேரும் ஒரு சுற்றுப் போய் வந்தார்கள். விளக்கு வரவில்லை. சாக்கை மட்டும் அவர் திரும்பப் போர்த்தினார். அதை அவள் தடுக்கவில்லை.

அதன் பிறகுதான் சிக்கல். நடந்ததை முதலாளியிடம் சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் என் இடம் போய்விடும் என்று அன்புச்செல்வி நேராகவே கேட்டாள். அவர் முகம் சுண்டிப்போயிற்று. இன்ஜினியர் உத்தியோகம் பார்த்தவன் ஃபியூஸைப் பிடுங்கி மாத்திரைப் பெட்டியில் வைத்தான் என்று ஊரெல்லாம் சொல்ல வேண்டுமா என்றார். அதற்குப் பதிலாக உன்னைப் பற்றி ஆகா ஓகோ என்று சொல்கிறேன், அது போதாதா என்று, அவள் வாயைத் திறப்பதற்குள் போனை எடுத்துவிட்டார். உங்கள் பெண் தங்கமான பெண், என்ன பொறுமை, என்ன இதமான பேச்சு, என்னைப் போன்ற கிழவனுக்கே புரியும்படி எப்படி எடுத்துச் சொல்கிறாள் தெரியுமா என்று சுப்புராயனிடம் பத்து நிமிஷம் பொழிந்து தள்ளினார். என்ன கோளாறு என்பதை மட்டும் சொல்லாமல் வைத்துவிட்டு, திருப்தியாக அவளைப் பார்த்துச் சிரித்தார்.

போச்சு என்று அவளுக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

பகல் ஒரு மணிக்கு அவள் ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தபோது சுப்புராயன் தம் கையாலேயே நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மேசையில் புது டைரி, பூச்சாடி. "இவ்ளோ நல்லா பேசறவளை நான் கிரீஸ்ல வெச்சிருந்தேனே," என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். கோளாறைக் கண்டுபிடித்தது நான்தான் சார் என்றாள். கண்டுபிடித்தாயோ இல்லையோ, கஸ்டமர் குளிர்ந்து போயிருக்கிறாரே, அது பெரிய விஷயம் என்றார். ஃபியூஸ் கதையைச் சொன்னாள். படித்த பெரிய மனுஷர் அப்படிச் செய்வாரா, இப்படியெல்லாம் வெளியே சொல்லாதே என்று அடக்கிவிட்டார். தணிகாசலம் ஒரு வண்டிக்கு அடியில் படுத்திருந்தார். காது மட்டும் இங்கேதான் இருந்தது.

அன்புச்செல்வி உட்கார்ந்தாள். நாற்காலி மெத்தென்று இருந்தது. ஏசி முகத்தில் அடித்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்கேனரின் மேல் துணி கிடந்தது. இந்த இடத்துக்கா நான் இரண்டு பஸ் மாறி வந்தேன் என்று நினைத்துக்கொண்டாள். போன் அடித்தது. எடுக்கவில்லை.

நான்கு மணிக்கு வாசலில் வெள்ளை வண்டி வந்து நின்றது.

மூன்றாவது தடவை. சுப்புராயன் முகம் மாறியது. வண்டியிலிருந்து முதலில் மாமி இறங்கினாள், அதற்கப்புறம் வெங்கடரமணன், குடை இல்லாமல். கொளுத்துகிற வெயிலில் அவர் வெறும் தலையோடு நடந்து வந்ததைப் பார்த்ததும், உண்மையைச் சொல்லிவிட்டு வா என்று வீட்டில் மாமி என்ன பாடு படுத்தியிருப்பாள் என்று அன்புச்செல்விக்குப் புரிந்துவிட்டது. அவர் கண்ணாடித் தடுப்பின் முன்னால் நின்று, உள்ளே உட்கார்ந்திருந்தவளைப் பார்த்தார்.

"இவ ஏன் இங்க உக்காந்துண்டிருக்கா?"

நீங்கள் சொன்னதை வைத்துத்தான் சார் என்று சுப்புராயன் பெருமையாகச் சொன்னார். வெங்கடரமணன் மாமியைத் திரும்பிப் பார்த்தார். மாமி பார்வையைத் தளர்த்தவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து மாத்திரைப் பெட்டியை எடுத்து மேசை மேல் வைத்து, ஞாயிற்றுக்கிழமை மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

"ஃபியூஸை நான்தான் பிடுங்கினேன், சார். ரெண்டு தடவை. பிடுங்கி இதுல வெச்சுண்டேன். இங்க வரச்சே திரும்ப மாட்டிண்டு வந்தேன். இந்தப் பொண்ணு பண்ணின வேலைல ஒரு குத்தமும் இல்லை. இவளை இங்க உக்கார வெச்சேள்னா, நாளைக்கு என்னை மாதிரி இன்னொருத்தன் வருவான், அவன் எதைப் பிடுங்கினான்னு கண்டுபிடிக்க உங்ககிட்ட ஆள் இருக்காது."

பிடுங்கும்படி யார் சொன்னது என்று சுப்புராயன் கேட்டார். வெங்கடரமணன் ஒரு விரலை நீட்டினார். அது நேராகப் போய், வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்களில் நின்றது. அந்தக் கால்கள் மெல்ல உள்ளே இழுத்துக்கொள்ளப் பார்த்தன.

தணிகாசலம் வெளியே வந்து, நான் தமாஷுக்குச் சொன்னேன், அதுக்கு இவரு இப்படிப் பண்ணுவாருன்னு நான் இன்னாத்தைக் கண்டேன் என்று முனகினார். சுப்புராயன் அவர் பக்கம் திரும்பினார். "கஸ்டமர்கிட்ட பேச உனக்கு அவ்ளோ ஆசையாப்பா? நீயே உக்காந்து பேசு," என்று நாற்காலியைக் காட்டினார். அன்புச்செல்வி எழுந்தாள். எழுந்த வேகத்தில் நாற்காலி மூன்று சுற்று சுற்றிவிட்டு நின்றது.

மறுநாள் காலை அவள் ஒரு டாக்ஸியின் பேனட்டுக்குள் தலையை விட்டிருந்தபோது போன் அடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் தணிகாசலம், பூச்சாடிக்குப் பக்கத்தில் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, வெந்நீரைத் தொடுகிறவர் போல ரிசீவரை எடுத்தார். யாருக்கோ விளக்கு எரிகிறதாம், ஹீட்டராம். மெட்ராசுக்கு எதுக்கு என்ற பழைய பேச்சு அவர் வாயில் வந்துவிட்டது, பாதியில் விழுங்கிக்கொண்டார். அன்புச்செல்வி தலையைத் தூக்காமல் காதை மட்டும் கொடுத்தாள்.

"எதையும் புடுங்காத சார். கீறது கீறபடியே கொண்டாந்துரு," என்றார் தணிகாசலம். "எங்க மெக்கானிக்கு பார்த்து சொல்லுவாங்க."